கடிபட்டுப் பிழைத்தவர்களின் கணக்கு

பாம்புக்கடிக்குப் பச்சிலை தின்று பிழைத்த ஒருவராவது இல்லாத கிராமத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். "எங்க அப்பாவை நல்ல பாம்புதான் கடிச்சுது. வைத்தியர் கொடுத்த வேரை மென்னாரு, மூணாம் நாளு வயலுக்குப் போயிட்டாரு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த வைத்தியரும் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் இல்லை. பல ஊர்களில் பாம்புக்கடிக்குக் காசு வாங்குவது பாவம் என்று நினைப்பவர்கள் அவர்கள். நடு ராத்திரியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார்கள்.

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வைத்தியத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இறப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இது எப்படி என்று புரிந்துகொண்டால், சொந்த அனுபவத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது பாம்புக்கடியைத் தாண்டியும் விளங்கும். ஆனால் நான் பாம்புக்கடியை விட்டு விலகப் போவதில்லை. இதில் தவறினால் போவது உயிர்.

முதலில் பாம்பு. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. விஷமுள்ளவை ஏறத்தாழ 60. அவற்றிலும் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வயலிலும் வரப்பிலும் வீட்டுக் கூரையிலும் நாம் அதிகம் பார்க்கும் சாரை, தண்ணீர்ப் பாம்பு, பச்சைப் பாம்பு, கொம்பேறிமூக்கன் இவற்றால் உயிருக்கு ஆபத்து இல்லை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டால், அது சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து புகை எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகும் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. அதனிடம் கடிபட்டு வேர் மென்றவர் எல்லாருமே பிழைத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் அந்த வேருக்கு ஒரு சாட்சி.

"பாம்பை நேர்ல பார்த்தோம்" என்பதும் உறுதியான ஆதாரம் ஆகாது. வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமற்ற பாம்பு கட்டுவிரியனைப் போலவே உடம்பில் குறுக்குப் பட்டைகளோடு வீட்டுக்குள் வரும். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் தொடங்கும், வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும். வரையனுக்குக் கழுத்தருகிலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனின் முதுகு நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். அதுதான் உறுதியான அடையாளம். டார்ச் வெளிச்சத்தில், குழந்தை அலறும்போது, தடியோடு நிற்பவர் யாரும் செதில் வரிசை பார்ப்பதில்லை. மண்ணுளிப் பாம்பைக் கண்ணாடி விரியன் என்று அடித்துப் போடுவதும் அப்படித்தான்.

இனி, கடித்தது உண்மையிலேயே விஷப்பாம்புதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விஷம் இறங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விஷம் பாம்புக்கு இரை பிடிக்கும் கருவி. தற்காப்புக்காகக் கடிக்கும்போது பல நேரம் அதைச் செலவழிப்பதில்லை. தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சை வழிகாட்டி, கண்ணாடி விரியன் கடிகளில் சுமார் பாதியிலும், நாகப்பாம்புக் கடிகளில் சுமார் 30 சதவீதத்திலும், சுருட்டை விரியன் கடிகளில் 5 முதல் 10 சதவீதத்திலும் விஷத்தின் அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை என்கிறது. பல் பதிந்திருக்கும், ரத்தம் கசிந்திருக்கும், பாம்பும் நல்ல பாம்பாகவே இருக்கும். உடம்பில் மட்டும் ஒன்றும் ஆகாது.

இதை ஒரு வைத்தியரின் திண்ணையில் வைத்துக் கணக்குப் போடலாம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. பத்து வருஷத்தில் அவரிடம் 100 பேர் வருகிறார்கள். 70 பேரைக் கடித்தது விஷமற்ற பாம்பு. மீதி 30 பேரில் 10 பேருக்கு விஷம் இறங்கவில்லை. விஷம் இறங்கிய 20 பேரில் 8 பேருக்குக் கொஞ்சமாக இறங்கியதால் உடம்பே சமாளித்துக்கொள்கிறது. மிச்சம் 12 பேர். அவர்களில் 9 பேரின் நிலை மோசமாவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 3 பேர் அங்கேயே இறந்துபோகிறார்கள்.

வைத்தியரின் நினைவில் நிற்கும் கணக்கு: 88 பேர் குணம், 3 பேர் "நேரம் கடந்து வந்தாங்க", 9 பேர் "நம்பிக்கையில்லாம ஊசி போடப் போயிட்டாங்க". அந்த 9 பேரில் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் போய்விடுவார்கள். நூற்றுக்கு 88 என்பது எந்த மனிதனுக்கும் தன் கைராசியில் நம்பிக்கை தரும். வேருக்குப் பதிலாக வெறும் தண்ணீர் கொடுத்திருந்தாலும் அதே 88 தான் வந்திருக்கும். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் தண்ணீர் மட்டும் கொடுக்கப்பட்ட 100 பேர் அவர் திண்ணைக்கு வரவில்லை.

ஊர்க்காரர்களின் பார்வை இதைவிடக் குறுகல். 88 பேர் சந்தையிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் முப்பது வருஷம் கதை சொல்வார்கள். 3 பேரின் குடும்பம் பேசாது. பேசினாலும் "விதி முடிஞ்சது" என்று ஒரு வரியில் முடித்துவிடும்.

திண்ணையில் நடக்கும் விஷச் சோதனையையும் பார்க்க வேண்டும். சிறியாநங்கை இலை இனித்தால் விஷம் ஏறியிருக்கிறது, கசந்தால் இல்லை என்பார்கள். மிளகையும் வேப்பிலையையும் வைத்தும் இதையே பார்ப்பார்கள். பயத்தில் நாக்கு வறண்டவருக்கு ருசி எப்படியும் மாறும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, இந்தச் சோதனை தவறும்போது அது தவறியதாகத் தெரிவதே இல்லை. இனிக்கிறது என்று சொன்னவர் பிழைத்தால் மருந்து வென்றது. கசக்கிறது என்று சொன்னவர் பிழைத்தால் சோதனை வென்றது. கசக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் விடிகாலையில் இறந்தால், வேறு ஏதோ பூச்சி, மாரடைப்பு, காத்து கருப்பு என்று காரணம் வேறு பக்கம் போய்விடும்.

அனுபவத்தால் எதையுமே அறிய முடியாது என்று இதைப் படித்துவிட்டு யாராவது முடிவுகட்டினால் அதுவும் தவறு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகும் விஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது. இருளர்கள் வரப்பில் நடந்துகொண்டே வளையைப் பார்ப்பார்கள். வாயில் மண் வழுவழுப்பாக இருக்கிறதா, சிலந்தி வலை கட்டியிருக்கிறதா, எச்சம் புதிதா, உரித்த சட்டை எந்தப் பாம்பினுடையது என்று பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைப் போடுவார்கள். பிடித்த பாம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு சீக்கிரமே மறுபடி கையில் சிக்கினால் அதை விட்டுவிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இவர்கள் அனுபவமும் வாய்வழி வந்ததுதான், புத்தகம் படித்து வந்ததில்லை. ஆனால் இது உலகத்தின் எந்த மூலையிலும் செல்லுபடியாகும் அறிவு. 2017-ல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்த ஊர் வேட்டைக்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத சதுப்பு நிலத்தில் முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளை இவர்கள் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இருளருக்கும் திண்ணை வைத்தியருக்கும் புத்தியிலோ நேர்மையிலோ வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. "உள்ளே நல்ல பாம்பு" என்று சொன்ன இருளர் பத்து நிமிடத்தில் தோண்டிப் பார்த்துவிடுகிறார். இருந்தால் சரி, இல்லையென்றால் தப்பு. மழுப்ப இடமில்லை. தப்பான ஒவ்வொரு கணிப்பும் அவர் கண்ணைக் கூர்மையாக்குகிறது. வைத்தியருக்கு அந்த மண்ணைத் தோண்டும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் முப்பது வருஷ அனுபவம் அவருக்கு நம்பிக்கையைத்தான் கூட்டுகிறது, திறமையைக் கூட்டுவதில்லை. அனுபவசாலி ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது எத்தனை வருஷம் என்று கேட்பதைவிட, தப்பானபோது அது அவருக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்பதுதான் பயன் தரும் என்று நான் நினைக்கிறேன்.

காலமும் கண்ணை மறைக்கும். கட்டுவிரியன் ராத்திரியில் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம் கூடத் தெரியாது. பலர் தூக்கம் கலையாமலே கடிபடுவார்கள். விடியும்போது வயிற்று வலி, வாந்தி. "ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல" என்று சோடா குடிக்க வைப்பார்கள். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. மூச்சுத் தசைகள் நின்றுபோகும் நேரத்தில் வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பதுதான் மிச்சம். பாம்பு கடித்தால் வலிக்கும், வீங்கும் என்று நாகப்பாம்புக் கடியைப் பார்த்துப் பழகிய ஊர் இங்கே தவறிவிடுகிறது.

கண்ணாடி விரியன் இதற்கு நேர்மாறு. வலியும் வீக்கமும் உடனே தெரியும். பச்சிலைக் கட்டு போட்டு இரண்டாம் நாள் வலி குறைந்ததும் "இறங்கிடுச்சு" என்பார்கள். அந்த நேரத்தில் சிறுநீர் குறைந்துகொண்டே வந்திருக்கும், யாரும் அளந்திருக்க மாட்டார்கள். சில நாள் கழித்து முகம் வீங்கி, மூச்சு வாங்கி, டயாலிசிஸுக்கு வந்து நிற்கும்போது கிட்னி போனதற்கும் கடிக்கும் சம்பந்தம் இருப்பதாக வீட்டுக்காரர்களே நினைப்பதில்லை.

இவ்வளவும் கிராமத்துக்காரர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கும் இதே மறைவுகள் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது முற்றிப்போன கேஸ்கள்தான். அங்கே வேலை பார்ப்பவருக்கு ஒவ்வொரு கடியும் மரணத்தின் வாசலாகத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவருக்கு வேறு பயம். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைத் தரும்: உடம்பெல்லாம் தடிப்பு, ரத்த அழுத்தம் சரிவு, மூச்சுத் திணறல். ஒரே ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்த மருத்துவர், அடுத்த பத்துப் பேரையும் முதல் டோஸ் போடாமலே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடக்கூடும். ஒவ்வாமையில் தவித்தவரின் முகம் அவர் நினைவில் இருக்கும். ஆம்புலன்ஸில் வழியிலேயே இறந்தவரின் முகத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி இருக்கிறது, அதை முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கலாம். விஷமுறிவு மருந்து ஏறாத உடம்பை ஒரு மணி நேரம் வண்டியில் அனுப்புவதற்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது.

குழந்தைக்கு எவ்வளவு போடுவது என்பதில் பழக்கம் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். எல்லா மருந்தும் எடைக்கு ஏற்பக் குறையும் என்பது மருத்துவ அனுபவம். விஷமுறிவு மருந்து குறையாது. பாம்பு குழந்தையைப் பார்த்துப் பாதி விஷம் இறக்குவதில்லை, மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை. இந்திய மருந்தில் 1 மில்லி, நாகப்பாம்பு அல்லது கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன் அல்லது சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும். அதனால் விஷ அறிகுறி உள்ள பெரியவருக்கும் குழந்தைக்கும் தொடக்கம் ஒன்றுதான்: 10 மில்லி குப்பிகளில் 8 முதல் 10.

கேரளத்தில் நடந்ததுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பாடமாகப் படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும், மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு சிறிய குழிவிரியன் இருக்கிறது. அதன் கடி பெரிய ஆபத்தில்லை என்ற எண்ணம் இந்தியாவில் நிலவியது. அந்தப் பாம்பு கடித்து ரத்தம் உறையாமல் வந்தவர்களை, கடித்தது சுருட்டை விரியன் என்று முடிவுசெய்து விஷமுறிவு மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். அந்த மருந்து நான்கு பாம்புகளுக்கானது, இந்தக் குழிவிரியனுக்கு வேலை செய்யாது. நோயாளிகளோடு வந்த பாம்புகளைச் சரியாக இனம் கண்டு, அது உயிருக்கு ஆபத்தானது என்று உறுதி செய்த முதல் கேஸ்கள் 2007-ல்தான் பதிவாயின.

விரல்விட்டு எண்ணக்கூடிய கேஸ்கள்தான் அந்த எண்ணத்தை உடைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் பேரை ஆராய்ந்தால்தான் உண்மை என்று இல்லை. "இந்தப் பாம்பு ஆபத்தில்லை" என்ற கூற்றை உடைக்க, நன்றாக ஆவணப்படுத்திய ஒரு கேஸ் போதும். "இந்த வேர் விஷத்தை முறிக்கும்" என்பதை நிறுவ ஒரு கேஸ் போதாது. நடக்கவே நடக்காது என்பதை மறுக்க ஒருவரின் அனுபவம் செல்லும், எதனால் நடந்தது என்பதைச் சொல்ல அது செல்லாது. அந்த ஒரு கேஸிலும் பாம்பு கையில் இருக்க வேண்டும், ரத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும், நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ரத்தச் சோதனை என்றதும் பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் நரம்பிலிருந்து எடுத்த 2 மில்லி ரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறைந்திருந்தால் சரி. தண்ணீராக வழிந்தால், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ரத்தத்தை உறைய விடாமல் செய்துவிட்டது என்று பொருள். இது கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் அப்படியே, அதில் நல்ல ரத்தம் கூட விஷ ரத்தம் போலக் காட்டும். உறைந்துவிட்டதா என்று நடுநடுவே ஆட்டிப் பார்த்தாலும் கெட்டுவிடும். சந்தேகம் இருந்தால் கூட வந்த ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைப் பக்கத்துக் குழாயில் வைத்துப் பார்க்கலாம். முதல் சோதனை சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. குறித்த இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் பார்த்து, 24 மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். விஷம் முறிந்த பிறகு உறையவைக்கும் பொருள்களைக் கல்லீரல் திரும்பச் சுரக்க அவ்வளவு நேரம் ஆகும்.

அந்தக் குழாய்க்கு யார் கைராசிக்காரர் என்று தெரியாது. மருந்துக்கு முன் வழிந்தது, பின் உறைந்தது என்று அது காட்டுவதை நினைவால் மாற்றிச் சொல்ல முடியாது. அந்தச் சோதனை நாகப்பாம்பு, கட்டுவிரியன் கடிகளுக்கு உதவாது. அங்கே இமையையும் மூச்சையும்தான் பார்க்க வேண்டும்.

திண்ணைக்கும் வார்டுக்கும் வெளியே விடுபட்டவர்களை எப்படி எண்ணுவது? வீடு வீடாகப் போய்த்தான். இந்தியாவின் பத்து லட்சம் மரண ஆய்வில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் மரணம் நிகழ்ந்த வீடுகளுக்குப் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். ஒவ்வொரு பதிவையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தைக் குறித்தார்கள். 2005-ல் மட்டும் பாம்புக்கடியால் ஏறத்தாழ 46,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 97 சதவீதம் கிராமத்தினர். மருத்துவ நிலையத்தில் இறந்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் புரட்டியவர்களுக்கு நான்கில் மூன்று பங்கு மரணங்கள் கண்ணில் படவே இல்லை. 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் மரணங்கள், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என்று பின்னர் வந்த கணிப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017-ல். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயானது. கடியையும் மரணத்தையும் ஆஸ்பத்திரிகள் இனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் இந்தப் பதிவிலும் வரமாட்டார்கள். அதை ஊர்தான் செய்ய முடியும். பஞ்சாயத்து அலுவலகத்திலோ பால் சொசைட்டியிலோ ஒரு நோட்டு போதும். யாரையாவது பாம்பு கடித்தால் அன்றே எழுத வேண்டும்: தேதி, மணி, உடம்பில் எந்த இடம், வீட்டுக்குள்ளா வயலிலா, பாம்பின் போட்டோ இருக்கிறதா, முதலில் எங்கே போனார்கள், என்ன கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ரத்தச் சோதனையில் என்ன வந்தது. பிழைத்தாரா என்று தெரிவதற்கு முன்பே இதை எழுதிவிடுவது அவசியம். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் பிழைத்தவருக்குக் கடித்தது நல்ல பாம்பாகவும், இறந்தவர் தாமதமாக வந்தவராகவும் மாறிவிடுவார்கள். மூன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் அந்த வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் எப்படிப் போகிறது, புண் எப்படி இருக்கிறது என்று கேட்டு அதே வரியில் சேர்க்க வேண்டும். ஊர் வைத்தியரும் தன் பங்கை எழுதட்டும். அவருக்கும் இதுவரை கிடைக்காத தகவல் அது.

கடி நேர்ந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 108-க்கு அழையுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு வைத்து, எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல, ரத்த ஓட்டம் தடைபடாமல் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள். வாந்தி வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம், தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும். யாராவது ஏற்கெனவே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயக்கூடும். மருந்தும் அட்ரினலினும் தயாராக இருக்கும் இடத்தில், மருத்துவர் முன்னிலையில்தான் அந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.